சாவி தொலைந்த வீல் லாக் போல்ட்: முறுக்குப் பல் சாக்கெட் செட் எதைக் கழற்றும், எதைக் கழற்றாது

வீல் திருடு போகாமல் இருக்கப் போடும் வீல் லாக் போல்ட் சாதாரண ஸ்பேனருக்குக் கழலாது. அதன் முக வடிவத்துக்குப் பொருந்தும் அடாப்டர்தான் அதற்குச் ‘சாவி’. அந்தச் சாவியைத் தொலைத்தவர் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது கறுப்பு சாக்கெட்டுகள் அடங்கிய ஒரு சின்னப் பெட்டி. 17, 19, 21, 22 என்று அளவு பொறித்திருக்கும். ட்விஸ்ட் சாக்கெட், லக் நட் எக்ஸ்ட்ராக்டர் என்று பல பெயர்களில் பல கம்பெனிகள் விற்கின்றன. எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றுதான்: சாவியே இல்லாமல் போல்ட்டின் தலையை வெளியிலிருந்து கவ்வித் திருப்புவது. தலை முழுத் துண்டாக இருக்கும் லாக் போல்ட்டுக்கு இது நல்ல கருவி. தலையைச் சுற்றி ஒரு வளையம் தனியாகச் சுழலும் வகைக்கு இது மட்டும் போதாது. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கியவர்கள்தான் விமர்சனப் பகுதியில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

வாங்கும் முன் சாவி உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள். வோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் வரும் அடாப்டர் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஸ்டெப்னிக்கு மேலுள்ள டூல் தட்டின் குழிக்குள், ஜாக்கிக்கு அடியில், டேஷ்போர்டு பெட்டியில், டிக்கி ஓர அறைகளில் விழுந்து கிடக்கும். அங்கெல்லாம் இல்லையென்றால் கடைசியாக டயர் மாற்றிய கடைக்கோ வீல் அலைன்மென்ட் பார்த்த கடைக்கோ ஒரு போன் போடுங்கள். அடாப்டர் அவர்களுடைய சாக்கெட்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு அங்கே தங்கிவிடுவது வெகு சாதாரணம். பழைய கார் வாங்கியவர் விற்றவரிடமே கேட்கலாம்.

அடாப்டரின் முகத்தில் ஒரு குறியீடு பொறித்திருக்கும். அதை முன்பே எங்காவது எழுதி வைத்திருந்தால் வண்டியின் ஆவணங்களைக் காட்டி ஷோரூமில் புது அடாப்டர் சொல்லி வாங்கலாம். அமெரிக்காவின் மெக்கார்ட் போன்ற கம்பெனிகளின் லாக் நட்டுகளில் சாவிக் குறியீடு அச்சிட்ட அட்டை பெட்டிக்குள்ளேயே வரும். அட்டை இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. குறியீடே தெரியாவிட்டாலும், அந்தக் கம்பெனிக் கார்களுக்கான அடாப்டர்கள் எல்லாம் அடங்கிய முழு செட் சர்வீஸ் சென்டரில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் போல்ட் முகத்தின் வடிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்திக் கழற்றிவிடுவார்கள். சுத்தியலே தேவைப்படாத வழி இது. ஓட்டிப்போகும் நிலையில் வண்டி இருந்தால் முதலில் இதை முயல வேண்டும்.

நடுரோட்டில் டயர் பஞ்சரான பிறகுதான் சாவி இல்லை என்பதே தெரிகிறது என்றாலும் பதற வேண்டாம். டியூப்லெஸ் டயரில் ஆணி தரையைத் தொடும் பகுதியில் ஏறியிருந்தால், வீலைக் கழற்றாமலே ஸ்ட்ரிப் குத்திக் காற்றடிக்கலாம். முன் வீல் என்றால் ஸ்டீயரிங்கை ஒடித்து வைத்தால் ஆணி தெரியும். பின் வீலுக்கு வண்டியை அரை அடி நகர்த்தினால் போதும். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் அங்கேயே வீலைக் கழற்றியாக வேண்டும். மற்றபடி இது பகல் வெளிச்சத்தில், சமதரையில், அவசரமில்லாமல் செய்ய வேண்டிய வேலை.

இனி கருவிக்கு வருவோம். சாதாரண சாக்கெட்டின் உள்ளே ஆறு முனையோ பன்னிரண்டு முனையோ இருக்கும். இதில் அவை கிடையாது. வாய்ப்பகுதி அகலமாகத் தொடங்கி உள்ளே போகப் போகக் குறுகும். அந்தச் சுவரில் கூர்மையான பற்கள் சாய்வாக, இடப்பக்க மரை போல முறுக்கி ஓடும். சுத்தியால் அடித்து ஏற்றும்போது பற்கள் போல்ட் தலையின் வெளிவிளிம்பில் வரி வரியாகப் பதியும். பிறகு இடப்பக்கம் திருப்பினால் சாக்கெட் இன்னும் உள்ளே ஏறும், இழுக்க இழுக்க இறுகும் சுருக்குக் கயிறு மாதிரி. தலை வட்டமாக இருந்தாலும், முனை மழுங்கிய ஆறுமுகமாக இருந்தாலும் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

எந்த அளவை எடுப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. சாக்கெட் மேல் பொறித்த எண்ணை நம்பி எடுக்காதீர்கள். அந்த எண் ஆறுமுக நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அகலத்தைக் குறிப்பது. 17 மி.மீ. ஆறுமுகத்தை மூலைக்கு மூலை அளந்தால் 19.6 மி.மீ. வரும். லாக் போல்ட்டின் தலையோ பெரும்பாலும் வட்டம். ஆகவே வெர்னியரால் தலையின் வெளிவிட்டத்தை அளந்துவிட்டு, சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மி.மீ. மட்டும் உள்ளே போய் நிற்பதுதான் சரியான அளவு. கையாலேயே முழுக்க உள்ளே போனால் பெரியது, திருப்பியதும் வழுக்கும். விளிம்பிலேயே உட்கார மறுத்தால் சிறியது, அடித்தால் சாய்ந்து ஏறும். இரண்டு அளவுகளுக்கு இடையே தடுமாறினால் சிறியதை எடுங்கள். முதல் முயற்சியில் பெரியதைப் போட்டு வழுக்கவிட்டால் தலையின் விளிம்பு சீவப்பட்டு, அடுத்த சாக்கெட்டுக்குப் பிடிமானம் குறைந்துவிடும்.

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டிய இன்னொன்று வீலில் போல்ட் உட்காரும் குழியின் அகலம். இரும்பு வீலில் போல்ட் திறந்தவெளியில் இருப்பதால் பிரச்சினை இல்லை. அலாய் வீலில் போல்ட் ஒரு குழிக்குள் இறங்கியிருக்கும். சாக்கெட்டின் சுவர்த் தடிப்பு இரண்டு பக்கமும் சேர்ந்து ஏழு எட்டு மி.மீ. வரை போகலாம். தலைக்கும் குழியின் சுவருக்கும் நடுவில் அந்த இடம் இல்லாவிட்டால் சாக்கெட் அலுமினியத்தைச் சீவிக்கொண்டே இறங்கும். விற்பவர் வெளிவிட்டத்தைக் குறிப்பிடாத செட்டை அலாய் வீலுக்காக வாங்குவது சூதாட்டம். சுவர் மெல்லியதாகச் செய்த சாக்கெட்டுகளும் கிடைக்கின்றன, ஆனால் மெல்லிய சுவர் சுத்தியல் அடிக்கு விரியும். ஒரு காருக்கு நாலு போல்ட் கழற்றும் வரை தாங்கினால் அதுவே பெரிய விஷயம்.

உலோகமும் முக்கியம். கறுப்பு நிற க்ரோம் மாலிப்டினம் சாக்கெட் அடி தாங்கும். பளபளப்பான க்ரோம் வெனேடியம் சாக்கெட்டைச் சுத்தியால் அடித்தால் விரிசல் விட வாய்ப்பு அதிகம். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. லாக் போல்ட்டின் தலை கடினப்படுத்திய எஃகு. பற்கள் அதைவிடக் கடினமாக இருந்தால்தான் பதியும். மலிவான செட்டுகளின் பலவீனம் இங்கேதான் வெளிப்படும். முதல் போல்ட்டைக் கழற்றியதும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பல் முனைகள் மடிந்து பளபளவென்று மின்னினால் அந்த சாக்கெட் அடுத்த போல்ட்டில் ஏமாற்றும்.

வேலையை ஆரம்பிக்கும்போது வண்டி தரையில் நிற்க வேண்டும், ஜாக்கியில் அல்ல. ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்ப்பக்க வீலுக்குக் கட்டை வையுங்கள். மற்ற நாலு போல்ட்டையும் முதலில் தளர்த்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் வீலைப் பிடித்துவைக்கும் சுமையெல்லாம் லாக் போல்ட் மேல் ஏறி, அது முன்பைவிட இறுகும். மற்றவை இறுக்கமாக இருக்கும்போதே லாக் போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும்.

தலையில் உள்ள மண், துரு, எண்ணெய் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷாலும் பிரேக் கிளீனராலும் துடைத்தெடுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரேயைத் தலையில் அடிப்பது கெடுதல். பற்கள் பதிய வேண்டிய இடத்தில் வழுவழுப்பு கூடுமே தவிர, வீலைத் தாங்கும் மையப் பகுதியான ஹப்புக்குள் இருக்கும் மரை வரை அது போய்ச் சேராது. குழியின் ஓரத்தில் இரண்டு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கடினப்படுத்திய எஃகிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைக் கேட்டு வராது.

சாக்கெட்டை நேராக வைத்து, பின்னாலுள்ள அரை இன்ச் சதுரத் துளையில் ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் ராடைச் செருகி, அதன் முனையில் அடிக்கலாம். சுத்தியல் வீலில் படாது, நேராகவும் ஏறும். ஒரு கிலோ முதல் ஒன்றரை கிலோ வரை எடையுள்ள சுத்தியலால் ஐந்தாறு பலமான அடி போதும். சின்னச் சுத்தியலால் ஐம்பது தடவை தட்டினால் பற்கள் பதியாது, அதிர்வு மட்டும் வீல் பேரிங்குக்குப் போகும். சாக்கெட் இறங்குவது நின்று, அடியின் சத்தம் கணீரென்று மாறும்போது நிறுத்துங்கள். குறைந்தது எட்டு மி.மீ. ஆழமாவது தலையைக் கவ்வியிருக்க வேண்டும்.

திருப்புவதற்கு நீளமான கைப்பிடிக் கம்பியான பிரேக்கர் பார் வேண்டும், உள்ளே பல்சக்கரம் உள்ள ராட்செட் வேண்டாம். வோக்ஸ்வேகன் போலோவின் போல்ட்டை 120 நியூட்டன் மீட்டர் இறுக்கச் சொல்கிறார்கள். டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103, ஹோண்டாவுக்கு 108, ஹூண்டாய்க்கு 107 முதல் 127 வரை. 60 செ.மீ. நீளக் கம்பியின் முனையில் 30 கிலோ அழுத்தம் கொடுத்தால் 176 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். முறையாக இறுக்கிய போல்ட்டுக்கு இது தாராளம். ஆனால் கடையில் ஏர் கன்னால் இறுக்கிய போல்ட் அந்தக் கணக்குக்குள் அடங்காது. அதற்காக ஒரு மீட்டர் பைப்பை மாட்டி முழு உடம்பையும் சாய்த்தால், ஹப்பிலிருந்து நீளும் 12 மி.மீ. மரைக் கம்பி (ஸ்டட்) திருகி முறியலாம். வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக, விடாமல் அழுத்துங்கள். முதலில் சாக்கெட் தலைமேல் கொஞ்சம் நகர்ந்து இறுகும், அது வழுக்குவது போலவே தோன்றும். கால் சுற்றுக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு போல்ட் விட்டுக்கொடுக்கும். கால் சுற்றுக்கு மேலும் நகர்ந்துகொண்டே இருந்து உலோகத் துகள் உதிர்ந்தால் நிறுத்திவிட்டு ஒரு அளவு சிறியதற்குப் போங்கள்.

கழன்ற போல்ட் சாக்கெட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். அடுத்த வீலுக்குப் போக அதை வெளியே எடுத்தாக வேண்டும். இதற்கென்று ஒரு கம்பி முளை நல்ல செட்டுகளில் வரும். சதுரத் துளை வழியாக அதை விட்டுப் பின்னாலிருந்து அடித்தால் போல்ட் விழும். விழாவிட்டால் போல்ட்டை வைஸில் பிடித்து சாக்கெட்டை வலப்பக்கம் திருப்புங்கள், ஏறிய வழியே இறங்கும். முளை இல்லாத செட்டில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் கால் மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். படத்தில் அழகாகத் தெரியும் பிளாஸ்டிக் பெட்டியைவிட இந்த ஒரு துண்டுக் கம்பி முக்கியம்.

இப்போது இந்தக் கருவி தோற்கும் இடம். சில லாக் நட்டுகளில் வெளியே கடினப்படுத்திய ஒரு வளையம் சுதந்திரமாகச் சுழலும். இப்படி வெளியிலிருந்து கவ்வுகிற கருவிகளைத் தோற்கடிக்கவே அந்த வளையம். ஸ்க்ரூ டிரைவரால் தலையின் ஓரத்தைத் தள்ளிப் பாருங்கள், சுற்றினால் அந்த வகைதான். அதன் மேல் முறுக்குப் பல் சாக்கெட்டை அடித்தால் அது வளையத்தை அழகாகக் கவ்வி, வளையத்தோடு சேர்ந்து நாள் முழுக்கச் சுற்றும். முதலில் அந்த வளையத்தைக் கூர்மையான உளியால் பிளந்தோ கார்பைடு முனையால் அரைத்தோ அகற்ற வேண்டும். அதன்பின் உள்ளே இருக்கும் குறுகிய தண்டுக்குச் சிறிய அளவு சாக்கெட் தேவை. செட்டில் 17-க்குக் கீழே எதுவும் இல்லையென்றால் அங்கேயே வேலை நின்றுவிடும். அலாய் வீலின் குழிக்குள் உளி பிடிப்பது பழகிய கைக்கே சிரமம். இந்த வகை என்று தெரிந்துவிட்டால் செட் வாங்கும் பணத்தை அனுபவமுள்ள கடைக்காரரிடம் கொடுப்பது மேல்.

பஞ்சர் கடைகளில் நடக்கும் மாற்று வழிகளையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் ஒன்றைத் தலைமேல் அடித்து ஏற்றிக் கழற்றுவது மிகப் பழைய வித்தை. மென்மையான, வெளியே ஏதாவது வரி உள்ள மலிவு நட்டுகளில் அது வேலை செய்யும். நுனி நோக்கிக் கூம்பும் வழவழத் தலையில் செய்யாது. தலைமேல் வேறொரு நட்டை வைத்து வெல்டிங் செய்வது இரண்டாவது. சூட்டினால் போல்ட் இளகுவதும் உண்மைதான். ஆனால் காற்று நிரம்பிய டயர் மாட்டிய வீலில் வெல்டிங் வைப்பது ஆபத்து, சூடேறி டயர் வெடிக்கலாம். அலுமினியத்தின் உறுதியும் அந்த இடத்தில் குறையும். அலாய் வீலில் இதைச் செய்ய விடாதீர்கள்.

டிரில் போடுவது கடைசி வழி என்றாலும், போல்ட் வகைக் கார்களில் அது பயமுறுத்தும் அளவுக்கு மோசமில்லை. கோபால்ட் அல்லது கார்பைடு முனை, குறைந்த வேகம், வெட்டும் எண்ணெய். ஐந்து மி.மீ.-யில் நட்ட நடுவில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கி, தண்டின் விட்டத்தை எட்டும்போது தலை தனியே கழன்றுவிடும். வீலை உருவியதும் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத் தண்டை வைஸ் கிரிப் பிளையரால் பிடித்தால், இழுவிசை போய்விட்டதால் பெரும்பாலும் எளிதாகவே திரும்பும். ஜப்பானிய, கொரியக் கார்களில் ஹப்பில் ஸ்டட் நிற்கும், மேலே நட் வரும். அங்கே ஸ்டட் முறிந்தாலும் பிரளயமில்லை. பழையதை முன்னாலிருந்து அடித்துப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டுப் புதியதைப் போடலாம். ஆனால் அது டிரம்மையோ டிஸ்க்கையோ கழற்றும் வேலை, பஞ்சர் கடை வேலை அல்ல.

கழற்றிய லாக் போல்ட் குப்பைக்குத்தான். பற்கள் பதிந்த தலையை மறுபடி மாட்டாதீர்கள். புதிய போல்ட் வாங்கும்போது மூன்றைச் சரிபாருங்கள்: மரை, நீளம், உட்காரும் முகம். வோக்ஸ்வேகன் குழுமக் கார்களில் 14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி, கம்பெனி வீலுக்குப் பந்து போல உருண்ட முகம். வெளியில் வாங்கிய அலாய் வீல்களுக்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு முகம். டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் நட்டுகள் 12-க்கு 1.5, மாருதி சுஸுகி 12-க்கு 1.25. உருண்ட முகக் குழியில் கூம்பு போல்ட்டைப் போட்டால் ஓரத்தில் மட்டும் தொடும், ஓடும்போது தளரும். கையால் பல சுற்று எளிதாக ஏறிய பிறகே ஸ்பேனர் வையுங்கள். குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி, இறுக்க அளவு காட்டும் டார்க் ரென்ச்சில் இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

மறுபடியும் லாக் போல்ட்டே போடலாமா? முழுத் தலை லாக் போல்ட்டைக் கழற்றும் கருவியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றான பிறகு, அது திருடனைச் சில நிமிடம் தாமதப்படுத்தும், சத்தம் போட வைக்கும், அவ்வளவுதான். தெருவில் இரவு முழுக்க நிற்கும் வண்டிக்குச் சுழலும் வளைய வகை நல்லது. பூட்டிய வளாகத்துக்குள் நிற்கும் வண்டிக்குச் சாதாரண போல்ட் போதும். லாக் போல்ட் போட்டால் அதன் அடாப்டரில் ஏர் கன் படவே கூடாது. மெல்லிய மேடுகள் கொஞ்சம் கோணலாகப் பொருந்தியிருக்கும்போது கன்னின் அடி விழுந்தால் ஒரு நொடியில் சிதையும். சாவி தொலைவதும் சாவி சிதைவதும் ஒரே தொல்லைதான்.

சாவி இருந்தும் வழுக்குகிறது என்றால் இந்தச் செட்டுக்கு முன் ஒரு சின்ன வைத்தியம் இருக்கிறது. போல்ட்டின் பள்ளத்தில் அடைந்த மண்ணை ஊசியால் கிளறி எடுத்து, அடாப்டரின் மேடுகளில் வால்வ் லேப்பிங் பேஸ்ட் (சொரசொரப்பான பொடி கலந்த பசை) கொஞ்சம் தடவி, சுத்தியால் மெல்லத் தட்டி உட்காரவைத்து, ஒரு கையால் நேராக அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள்.

ஒரே காரின் நாலு போல்ட்டுக்காக மட்டும் இந்தச் செட்டை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையில் நல்ல சுத்தியல், பிரேக்கர் பார், டார்க் ரென்ச், வைஸ் எதுவும் இல்லாத வீட்டில் சாக்கெட் மட்டும் வந்து என்ன செய்யும்? பழைய கார் வாங்கி விற்பவர்கள், டயர் கடைகள், சின்ன கேரேஜ்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அளவுகள் நெருக்கமாக இருக்கும் செட்டாக, 17-க்குக் கீழேயும் ஒன்றிரண்டு வரும்படி, கம்பி முளையோடு எடுங்கள். அடிக்கடி தேய்வது 19-ம் 21-ம்தான் என்பதால் ஒற்றை சாக்கெட்டாகத் தனியே விற்கும் கம்பெனியாகப் பார்த்துக்கொண்டால், ஒரு பல் மழுங்கியதற்காக முழுப் பெட்டியையும் மறுபடி வாங்க வேண்டியதில்லை.